கியூரி அம்மையாரின் மாமனார்

கியூரி அம்மையாரைப் பற்றி எழுதுவோர் பலரும், 1898 ஆம் ஆண்டு ஜூலையில் பொலோனியத்தையும் டிசம்பரில் ரேடியத்தையும் கண்டறிந்து அறிவித்த அந்த மாதரசிக்கு அப்போது வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது என்பதை வியப்போடு குறிப்பிட்டுவிட்டு, எல்லாம் அவருடைய அசாதாரணமான மனோதிடத்தினால் நிகழ்ந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மனோதிடம் அவரிடம் ஏராளமாக இருந்தது. அதை மறுப்பவர் யார்? ஆயினும், அவர் பரிசோதனைச் சாலையில் நின்ற அத்தனை மணி நேரமும் குழந்தை யாரிடம் இருந்தது என்று கேளாமல் அவர்கள் மேலே சென்றுவிடுவது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தரும் விஷயம்.

குழந்தை தாத்தாவிடம் இருந்தது. 1897 செப்டம்பர் 12 ஆம் தேதி ஐரீன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவரே பியர் கியூரியின் தந்தையாரான டாக்டர் யூஜீன் கியூரிதான். அந்த மாதம் முடிவதற்குள் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்முதியவர், பின்னர் மகனும் மருமகளும் வாழ்ந்த வீட்டுக்கே வந்து சேர்ந்து, பேத்தியின் பராமரிப்பைத் தம் கடமையாக ஏற்றுக்கொண்டார். 1848 ஆம் ஆண்டுப் புரட்சியிலும் 1871 ஆம் ஆண்டின் பாரிஸ் கம்யூன் நாட்களிலும் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த தீவிரக் குடியரசுவாதி அவர். குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆண்மகனுக்குத் தகாத காரியம் என்று எண்ணவில்லை.

தாயார் அக்கறையற்றிருந்தார் என்று யாரும் கருதிவிடக் கூடாது. தாய்ப்பால் போதாமல் சிசுவின் எடை குறைந்தபோது அவர் மனம் தவித்ததும், பாலூட்டும் செவிலித்தாயை அமர்த்த நேர்ந்ததும், எடையையும் முளைத்த பற்களையும் தனிக் குறிப்பேடு ஒன்றில் சிரத்தையோடு பதிந்துவந்ததும் வரலாற்றில் உள்ளன. கணவரின் சம்பளம் போதாமையால் 1900 முதல் செவ்ர் நகரப் பெண்கள் ஆசிரியப் பள்ளியில் பாடம் நடத்தியதோடு, மழை ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான பிட்ச்பிளெண்டுக் கழிவைக் காய்ச்சி வடித்து, 1902 இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார். அதன் கிரயம் சிறிதன்று: 1903 ஆகஸ்டில் கருச்சிதைவு நேர்ந்தபோது, உடலைப் பொருட்படுத்தாமல் உழைத்துவிட்டோமே என்று தம்மையே நொந்து சகோதரிக்குக் கடிதம் எழுதினார். இத்துயரை மறைத்துவிட்டு அவரை இளம் தாய்மார்களுக்கு உதாரணமாகக் காட்டுவது அநியாயம்.

1904 இல் இரண்டாவது மகள் ஈவ் பிறந்தாள். 1906 ஏப்ரலில் பியர் குதிரை வண்டியின் கீழ் சிக்கி மாண்டபின், அரசாங்கம் அளிக்க முன்வந்த உபகாரச் சம்பளத்தை மறுத்து, நவம்பரில் கணவர் விட்ட இடத்திலிருந்தே சார்போனில் பாடத்தைத் தொடர்ந்த அவ்விதவையோடு, மூத்த மகன் வீட்டுக்குச் செல்ல வழியிருந்தும், மாமனார் தங்கினார். துக்கத்தால் பியரின் பெயரைக்கூட உச்சரிக்க இயலாதிருந்த மருமகளின் வீட்டில் குழந்தைகளுக்குச் சிரிப்பும் விளையாட்டும் கிடைத்தது அந்தக் கிழவரால்தான் என்று ஈவ் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐரீனுக்குச் செடிகொடிகளின் பெயர்களையும் விக்டர் ஹியூகோவின் கவிதைகளையும் அவர் கற்பித்தார். அவள் சற்று வளர்ந்ததும், சார்போன் பேராசிரியர்கள் சிலர் தம் பிள்ளைகளுக்குத் தாமே முறைவைத்துப் பாடம் நடத்தினார்கள். பெரேன் ரசாயனம், லாஞ்வேன் கணிதம், கியூரி அம்மையார் பௌதிகம் என்று பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்ட அவ்வேற்பாடு சுமார் இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

குழந்தையையும் இல்லத்தையும் கவனித்துக்கொண்டே ஆராய்ச்சியை விடாதிருக்கக் குடும்பத்தின் ஒற்றுமையே வழிசெய்தது என்றும், பகலில் பேத்தியைப் பாட்டனார் பார்த்துக்கொண்டார் என்றும் அம்மையாரே தம் சுயசரிதைக் குறிப்புகளில் ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார். ஆகவே, இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண் மருத்துவரிடம் ‘கியூரி அம்மையார் சமாளிக்கவில்லையா?’ என்று கேட்கும் கணவரும் மாமனாரும் மேலதிகாரியும், யூஜீன் கியூரியின் ஸ்தானத்தில் நிற்கத் தாங்கள் சம்மதமா என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

1910 பிப்ரவரியில், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நோயுற்றிருந்து யூஜீன் கியூரி காலமானார். அதன்பின் வீட்டைப் போலந்து நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட பெண்கள் கவனித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு இரண்டாவது நோபல் பரிசைப் பெற ஸ்டாக்ஹோம் சென்றபோது அம்மையார் பதினான்கு வயது ஐரீனையும் அழைத்துச் சென்றார். 1935 இல் அதே நகரில், கணவரோடு ரசாயனப் பரிசைப் பெற்ற ஐரீனுக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.