ஆவாரம்பூவை உலுக்கும் வண்டு

சித்திரை, வைகாசியில் எங்கள் காங்கேயம் பக்கம் காடெல்லாம் காய்ந்து கிடக்கும். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். வெள்வேல மரத்து நிழலில் மாடுகள் அசைபோட்டபடி படுத்திருக்கும். அந்த மாதங்களில் பூ பார்க்க வேண்டுமென்றால் ரோட்டோரத்துக்குத்தான் வரவேண்டும். கிளுவை வேலிக்கும் தாருக்கும் நடுவே நாலைந்து அடி மண். அதில் எருக்கு, ஆவாரை, வெட்டுக்காயப்பூண்டு, கிலுகிலுப்பை. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை. வேம்பும் புங்கனும் பூத்து ஓய்ந்த பிறகு தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் இங்கே பெரிய ஆதரவு இந்தச் செடிகள்தான்.

பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். காலை ஏழு மணிவாக்கில், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரே ஒரு ஆவாரஞ்செடியின் பக்கத்தில் நம் நிழல் அதன்மேல் விழாதபடி நின்றால் போதும். முதலில் காதுக்குத்தான் வேலை. பெரிய கருவண்டு ஒன்று தாழ்ந்த குரலில் ரீங்கரித்துக்கொண்டு வரும். ஊரில் வண்டு என்று சொன்னாலும் இது தேனீ இனம்தான். பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்கும் தச்சுத்தேனீ. பூவில் உட்கார்ந்ததும் அதன் சத்தம் சட்டென்று மாறி, மெல்லிசாக, கூர்மையாக ஏறும். அப்போது இறக்கையைக் கவனியுங்கள், அடிக்காது. பறக்க உதவும் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிட்டு, பூவைக் கட்டிப்பிடித்து உலுக்குகிறது.

காரணம் இருக்கிறது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் மூடிய பைக்குள், நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். அதிரவைத்தால் மஞ்சள் தூள் வண்டின் வயிற்றில் கொட்டும். பெட்டியில் வைத்து வளர்க்கிறோமே, அந்தத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. தெரிந்த இன்னொன்று நீலவரித் தேனீ. வயிற்றில் நீல வளையங்கள் மின்ன, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று நின்று பறக்கும். இதன் ஆண்கள் கூடு கட்டுவதில்லை. இரவில் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். விடியற்காலையில் போனால் அப்படியே பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

எருக்கில் நடப்பது வேறு கதை. அந்த இலையின் அடியில் ஒற்றை ஒற்றையாக முட்டையிடுவது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி. செம்மஞ்சள் இறக்கை, நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. புழுவுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், நடுநடுவே மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று சோடி கறுப்புக் கொம்புகள். எருக்கம்பாலின் நஞ்சை இது உடம்பில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கிட்டே வராது. இந்த நிறத்தை அப்படியே போர்த்திக்கொண்டு நஞ்சில்லாத வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்ணும் தப்பித்துத் திரிகிறது. பின்னிறக்கையைப் பாருங்கள். நடுவில் மூன்று நாலு கறும்புள்ளி இருந்தால் வெந்தய வரியன், மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் அந்த வேஷக்காரி.

வரியன்களில் ஆண்கள் கிலுகிலுப்பையின் வாடிய தண்டையும் இலையையும் மொய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே தேன் ஏது? காய்ந்த செடியிலிருந்து ஒருவகைக் கசப்புச் சத்தை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்து உண்டாக்கிக்கொள்கின்றன. வாடிய செடியும் குப்பை இல்லை.

ஆனால் திருவிழாவுக்கு முன்னால் ரோட்டோரம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று பொக்லைன் வருகிறது. ஒரே காலையில் இரண்டு பக்கமும் மொட்டை. வளைவில் வண்டி வருவது தெரியவேண்டும் என்றால் அங்கே வெட்டட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நேர் ரோட்டில், நட்ட நடுக் கோடையில், பூத்து நிற்கும் ஆவாரையை வேரோடு பெயர்ப்பது எதற்கு? மழை பிடித்து மற்ற செடிகள் தலையெடுத்த பிறகு, ஒரு பக்கம் இந்த வருஷம், மறுபக்கம் அடுத்த வருஷம் என்று வெட்டினால்கூடப் போதும்.

இதில் விவசாயிக்கும் கணக்கு உண்டு. கத்தரி, தக்காளிப் பூக்களிலும் மகரந்தம் நுனி வழியாகத்தான் வெளியே வரும். காற்றிலும் கொஞ்சம் உதிரும், ஆனால் வண்டு உலுக்கினால் காய்ப்பிடிப்பு கூடும். எங்கள் ரோட்டை ஒட்டிக் கத்தரி போட்டிருக்கும் ஒரு பெரியவரை வரப்பில் நிறுத்தி, ஆவாரையில் பார்த்த அதே கருவண்டு அவர் செடியில் தொங்கி உறுமுவதைக் காட்டினேன்.

“இதையப் போயி பூவைக் கடிக்குதுன்னு தொரத்திட்டு இருந்தனுங்க டீச்சரு” என்றார்.

“காலைல மருந்தடிக்காதீங்ணா. இதுக வர்ற நேரம் அதுதான்.”

“அதுக்கென்னுங்க, பொழுது எறங்குனதுக்கப்பறம் அடிச்சுக்கறன். வேலிப்பக்கம் அந்த ஆவாரையையும் வெட்ட வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்லிப்போடறன்.”