தாகமும் ஆபத்து, தண்ணீரும் ஆபத்து

முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் கால்களைப் பழக்கும் அளவுக்கு வயிற்றைப் பழக்குவதில்லை. 42 கி.மீ. ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் கணக்குத் தீர்ப்பது பெரும்பாலும் வயிறுதான்.

2016 ஆகஸ்ட் 14. ரியோ டி ஜெனீரோவில் ஒலிம்பிக் மகளிர் மாரத்தான். 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் 89ஆவதாக எல்லைக் கோட்டைத் தொட்ட இந்திய வீராங்கனை ஓ.பி. ஜெய்ஷா அங்கேயே சுருண்டு விழுந்தார். நினைவு தப்பிய அவருக்கு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்திருந்தார் அவர்.

நாடு திரும்பியதும் ஜெய்ஷா சொன்ன புகார் பரபரப்பானது. வழியில் இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட மேசைகளில் ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றார். போட்டி அமைப்பாளர்கள் 8 கி.மீ.க்கு ஒரு முறை கொடுத்த தண்ணீரை நம்பியே ஓட வேண்டியிருந்தது என்றார். தடகள சம்மேளனம் மறுத்தது. தனி பானம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டதாகவும் வீராங்கனை தரப்பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் அது விளக்கியது. விளையாட்டு அமைச்சகம் விசாரணைக் குழு அமைத்தது.

யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். எங்கே, என்ன, எவ்வளவு குடிப்பது என்பது மாரத்தானில் முன்னதாகவே முடிவாக வேண்டிய விஷயம் என்பதை அந்தச் சர்ச்சை நாடு முழுவதற்கும் உணர்த்தியது.

ஜெய்ஷாவுக்கு ஒரு சம்மேளனமும் பயிற்சியாளரும் இருந்தார்கள். ஜனவரி மாதத்து மூன்றாம் ஞாயிறன்று விடிவதற்கு முன்பே மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தின் முன் கூடும் சாதாரண ஓட்டக்காரர்களுக்கு இரண்டும் கிடையாது. 2004இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பின் இந்தப் பித்து ஹைதராபாத், சென்னை, பெங்களூர், புது டெல்லி என்று பரவியது. வங்கி ஊழியர், கணினிப் பொறியாளர், ஓய்வு பெற்ற அதிகாரி, இல்லத்தரசி என்று எல்லோரும் ஓடுகிறார்கள். நல்ல காலணிக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், ஓடும்போது என்ன சாப்பிடுவது என்ற கேள்வியை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

விறகும் மண்ணெண்ணெயும்

உடலில் இரண்டு எரிபொருள்கள் உண்டு. ஒன்று கொழுப்பு. ஒல்லியான மனிதரிடம்கூட பல மாரத்தான்களுக்குப் போதுமான கொழுப்பு இருக்கிறது. ஆனால் அது விறகு மாதிரி, மெதுவாகத்தான் எரியும். மற்றது கிளைக்கோஜன். நாம் சாப்பிடும் அரிசி, கோதுமை, சர்க்கரையிலிருந்து வரும் மாவுச்சத்தைத் தசைகளும் கல்லீரலும் இந்த வடிவில் சேமித்து வைக்கின்றன. இது மண்ணெண்ணெய் மாதிரி, சட்டென்று பற்றும். ஓட்டத்தின் வேகம் கூடக்கூட உடல் இதைத்தான் அதிகம் கேட்கிறது.

சிக்கல் என்னவென்றால் இதன் கையிருப்பு குறைவு. தசைகளிலும் கல்லீரலிலுமாக மொத்தம் சுமார் 500 கிராம், அதாவது ஏறக்குறைய 2,000 கலோரி. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கி.மீ.க்குச் சுமார் ஒரு கலோரி வீதம் 60 கிலோ மனிதர் மாரத்தான் ஓட 2,500 கலோரிக்கு மேல் தேவை. ஒரு பகுதியைக் கொழுப்பு ஈடுகட்டினாலும், ஆரம்ப உற்சாகத்தில் வேகமாக ஓடியவருக்கு 30 கி.மீ. தாண்டியதும் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். கால்கள் ஈயமாகக் கனக்கும். தலை கிறுகிறுக்கும். ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவர்' என்கிறார்கள். மும்பையில் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில்தான் பெடர் ரோடு ஏற்றமும் வருகிறது.

இந்தக் கையிருப்பைக் கூட்ட முடியும் என்று 1966இல் காட்டினார்கள் ஸ்வீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள். சோதனைக்குத் தங்களையே உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு மாவுச்சத்து மிகுந்த உணவைச் சாப்பிட்டுவிட்டு, ஊசியால் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்துக் களைத்த காலில் கிளைக்கோஜன் மற்றக் காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது.

மாரத்தானுக்கு முந்தைய இரண்டு நாட்களில் மாவுச்சத்தைக் கூட்டும் வழக்கத்துக்கு அதுவே அடித்தளம். எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் வரை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ மனிதருக்கு நாளுக்கு 480 முதல் 600 கிராம். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம்தான் இருக்கிறது என்பதால் இது சாதாரண அளவல்ல. அதற்காக முதல் நாள் இரவு விருந்து சாப்பிட்டால் அது வினையாகிவிடும். தட்டில் சோறு, இட்லி, ரொட்டி, உருளைக்கிழங்கு கூட வேண்டும். எண்ணெய், நெய், பருப்பு, கீரை, இறைச்சி குறைய வேண்டும். அந்த இரண்டு நாளில் எடை ஒரு கிலோவோ கொஞ்சம் கூடவோ ஏறினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஓடும்போதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கடையில் விற்கும் ஜெல் பொட்டலங்கள் பலவற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பசிக்கட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். ஓடத் தொடங்கிய 30-45 நிமிடத்திலேயே முதல் கவளம் போய்விட வேண்டும்.

ஒரு நூற்றாண்டு ஆட்டம்

சாப்பாட்டுக் கணக்கில் தப்பினால் நடந்தாவது முடிக்கலாம். தண்ணீர்க் கணக்கு அப்படியல்ல.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில், 32 டிகிரி வெயிலில், புழுதி பறந்த சாலையில், ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கிடைத்த இடங்கள் ஒன்றிரண்டே. தண்ணீர் இல்லாமல் ஓடினால் உடல் என்ன ஆகும் என்று பார்ப்பதில் அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஆர்வம். ஓடிய 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர். தங்கம் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஊட்டப்பட்டது முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி, ஸ்டிரிக்னைன் என்ற விஷம்! ஓடும்போது தண்ணீர் குடிப்பது பலவீனம் என்ற எண்ணம் அதற்குப் பிறகும் பல்லாண்டு நீடித்தது.

பிறகு காற்று நேரெதிராக அடித்தது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996இல் வெளியிட்ட பரிந்துரை, வியர்வையில் போகும் அளவுக்கோ, தாங்க முடிந்த உச்ச அளவுக்கோ குடிக்கச் சொன்னது. மணிக்கு 600 முதல் 1,200 மி.லி. வரை என்று கணக்கும் கொடுத்தது. தாகம் எடுக்கும் முன்பே குடி என்பது வேதவாக்கானது.

அதன் விலை தெரிய அதிக நாள் ஆகவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் ஓட்டத்தின் பிற்பகுதியில் சரிந்து விழுந்து இறந்தார். உடலில் நீர் வற்றியதால் அல்ல, நீர் மிஞ்சியதால். மிதமிஞ்சிக் குடிக்கும்போது ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகிறது, செல்களுக்குள் நீர் புகுகிறது, மூளை வீங்குகிறது. அதே போட்டியில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவருக்கு உயிருக்கே ஆபத்தான அளவில் குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம் என்று அது கண்டறிந்தது. முதல் மாரத்தான் ஓடுகிறவர்களில் பலர் அந்த முதல் பிரிவில்தான் வருவார்கள். 2007இல் அமெரிக்கக் கல்லூரி தன் பரிந்துரையைத் திருத்தி, அளவுக்கு மீறிக் குடிப்பதையும் எச்சரித்தது.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 50 கிலோ எடையுள்ள பெண் ஒருவர் மெதுவாக ஓடி ஆறு மணி நேரத்தில் முடிக்கிறார், மணிக்கு 400 மி.லி. வியர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த இழப்பு 2.4 லிட்டர். 2.5 கி.மீ.க்கு ஒரு மேசை, மேசைக்கு 200 மி.லி. என்று மரியாதைக்காகக் குடித்துக்கொண்டே போனால் 3.2 லிட்டர். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஆனாலும் 800 மி.லி. மிகை!

வங்க முகாமின் பாடம்

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரின் மகத்துவம் உலகுக்குத் தெரிந்ததில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவரும் நிலையில், கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸ், சாதாரண உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022இல் காலமான அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

குடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் கைகோத்தே உள்ளே இழுக்கிறது, தண்ணீர் அவற்றின் பின்னால் வருகிறது. இதுவே அதன் சூட்சுமம். ஓட்டக்காரர்களுக்கான பானங்கள் எல்லாம் இதே கதவைத்தான் தட்டுகின்றன.

ஆனால் ஒன்றை மற்றதாக எண்ணிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அது நீரும் உப்பும் சேர்க்கும், ஓட்டத்துக்கு எரிபொருள் ஆகாது. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எனப்படும் பானங்களில் சர்க்கரை பல மடங்கு, உப்பு குறைவு. இனிப்பு பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரிலேயே கடைகளில் விற்கப்பட்டு வந்ததற்கு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. ஆனாலும் பொட்டலத்தைத் திருப்பிப் படிப்பது ஓட்டக்காரரின் வேலை. இன்னொன்று: உப்பு கலந்திருப்பதால் எவ்வளவும் குடிக்கலாம் என்பதும் தவறு. அளவு மீறினால் உப்புப் பானமும் ரத்தத்தை நீர்க்கச் செய்யும்.

தராசு சொல்லும் அளவு

அப்படியானால் எவ்வளவு குடிப்பது? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பவரும் உண்டு, இரண்டு லிட்டர் வியர்ப்பவரும் உண்டு. தன் அளவை அறிய வீட்டுத் தராசே போதும். போட்டி நடக்கும் அதே நேரத்தில், அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்தபட்ச உடையில் எடை பார்க்க வேண்டும். 62 கிலோ 61.5 ஆகியிருந்து, வழியில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 800 மி.லி.

அத்தனையையும் ஈடுகட்டத் தேவையில்லை. மணிக்கு 500-600 மி.லி. குடித்தால் ஐந்து மணி நேரத்தில் குறைவது ஒரு கிலோ அல்லது ஒன்றரை கிலோ, அதாவது எடையில் சுமார் 2 சதவீதம். உடல் அதைத் தாங்கும். தராசு காட்டியது மேல் வரம்பு. அதற்குள், தாகம் கேட்டால் குடிப்பது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வயிற்றுக்கும் ஒத்திகை வேண்டும். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுவதால் குடலுக்குக் கிடைப்பது சொற்பம். பழக்கமில்லாததை உள்ளே தள்ளினால் அது திருப்பி அனுப்பும். ஆனால் குடல் பழகக் கூடியது. ஞாயிறுதோறும் ஓடும் நீண்ட ஓட்டங்களில் அதே பழம், அதே ஜெல், அதே பானம், அதே இடைவெளி என்று பல வாரம் பழக்கினால் போட்டியன்று முரண்டு பிடிக்காது. அதிகாலை ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக இட்லியோ, ஜாம் தடவிய ரொட்டியோ, வாழைப்பழமோ சாப்பிட்டுப் பார்ப்பதும் இந்த ஒத்திகையில் அடக்கம். பொங்கலும் பூரியும் ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வலிக்கு இபுபுரூஃபன் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் ஒத்திகையில்கூட முயல வேண்டாம். நீர் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கக் கூடும், சோடியம் குறையவும் வழி செய்யலாம்.

வழியில் வாந்தி, தலைவலி, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, பேச்சுக் குழறல் தெரிந்தால் இன்னொரு பாட்டில் தண்ணீரைத் திறப்பது தவறான வைத்தியம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போக வேண்டும். இதுவரை எவ்வளவு குடித்தேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அங்கிருக்கும் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். நீர் வற்றியவருக்குக் கொடுக்கும் சிகிச்சை, நீர் மிஞ்சியவருக்கு நஞ்சாகலாம்.

மும்பையில் ஓட்டப் பாதையோரம் பிஸ்கட்டும் ஆரஞ்சுச் சுளையும் நீட்டியபடி குடும்பம் குடும்பமாக மக்கள் நிற்பார்கள். அந்த அன்பை மறுப்பது கடினம்தான். புன்னகைத்துக் கையசைத்துவிட்டு, தன் பையில் இருப்பதைத் தன் நேரத்தில் சாப்பிடுகிறவர், பெடர் ரோடு ஏற்றத்திலும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.