குன்றுகளைச் சுற்றி ஒரு சைக்கிள் பாதை

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதி பாறை நாடு. கீரனூர், அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை வட்டாரங்களில் சமதளமான செம்மண் பொட்டலுக்கு நடுவே மொட்டைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பூமியின் மிகப் பழைய பாறை வகைகளைச் சேர்ந்தவை இவை. சுற்றியிருந்த மென்மையான பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்துபோக, கெட்டியானது எஞ்சி நின்றது. வெயிலிலும் மழையிலும் இவற்றின் மேற்பரப்பு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிகிறது. பள்ளம் விழுந்த இடங்களில் மழைநீர் தங்கிச் சுனையாகிறது. சைக்கிளில் ஊர் சுற்ற நினைப்பவருக்கு இந்த நில அமைப்பு பெரிய வசதி. குன்றுகள் தனித்தனியாக நிற்பதால் சாலைகள் அவற்றின் மேல் ஏறுவதில்லை; அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பார்க்க மலை, மிதிக்கச் சமதளம்.

மோட்டார் வண்டிகள் வராத பாதையில் சைக்கிள் பயணம் போவதற்குப் பெயர்பெற்ற நாடு பிரான்ஸ். அதன் தென்கிழக்கில் உள்ள ஆர்தேஷ் பகுதி, எரிமலைக் குழம்பு உறைந்த மேட்டு நிலமும் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்குகளும் கொண்டது. 1968-இல் மூடப்பட்ட மீட்டர் கேஜ் ரயில் பாதை ஒன்று அங்கே 'டோல்ஸ் வியா' என்ற பெயரில், ஏறக்குறைய 90 கி.மீ. நீளச் சைக்கிள் பாதையாக மறுபிறவி எடுத்திருக்கிறது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தக் காலப் பொறியாளர்கள் மலையை வளைத்து வளைத்துப் பாதை போட்டார்கள். எஞ்சினுக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்ட அந்த மெல்லிய ஏற்றத்தில் இன்று சிறுவர்களும் மிதித்துப் போகிறார்கள்.

புதுக்கோட்டையிலோ ரயில் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. இங்கே சைக்கிளுக்கு வழிவிடுபவை கிராமச் சாலைகள். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் காரைக்குடிக்கும் பிரிந்து போகும் நெடுஞ்சாலைகள் பெரிய வண்டிகளை இழுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட ஒற்றைத் தார்ச்சாலைகளில் எப்போதோ ஒரு டவுன் பஸ், ஒரு டிராக்டர், சில டூ-வீலர்கள், ஓர் ஆட்டு மந்தை, அவ்வளவுதான். கண்மாய்க் கரைகளின் மேல் போகும் மண் பாதைகளில் அதுவும் கிடையாது.

இந்தச் சாலைகளில் முதலில் போக வேண்டிய இடம் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கி.மீ. வழியில், ஊர் நெருங்கும்போது, இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களைப் புதைத்துச் சுற்றிக் கல் நட்ட கல்வட்டங்கள் இருக்கின்றன. குன்றின் ஒரு பக்கத்தில் 'ஏழடிப்பட்டம்' என்னும் இயற்கைக் குகை. பாறையில் காலூன்ற வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர் அது. உள்ளே சமண முனிவர்களுக்காக வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள். அவற்றுள் மிகப் பழையதில் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. மறுபக்கம் அறிவர் கோயில் எனப்படும் குடைவரை. இதை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் புதுப்பித்த செய்தியை 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் ஆடவர்கள். வண்ணம் பல இடங்களில் மங்கிவிட்டது. வெயிலில் மிதித்து வந்து அந்த நிழலில் அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு, எஞ்சிய பச்சையே குளிர்ச்சி தரும்.

சித்தன்னவாசலுக்குத் தென்மேற்கே குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தின் அமைப்பை வைத்து 7-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்படும் இது, கிரந்த எழுத்தில் ஏழு ராகங்களுக்கான சுரக் கோவைகளைத் தருகிறது. இந்திய இசை வரலாற்றில் இதற்கு ஈடான சான்றுகள் மிகக் குறைவு.

வடகிழக்கே நார்த்தாமலை. இங்கே குன்றுகள் கூட்டமாக நிற்கின்றன: மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, இன்னும் சில. சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டு மேலமலையின் வழுக்குப் பாறையில் நடந்து ஏறினால் விஜயாலய சோழீச்சரம் வரும். பெயரில் சோழன் இருந்தாலும் இது முத்தரையர் எழுப்பிய கற்றளி. மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. சதுரமான வெளிச்சுவருக்குள் வட்டமான கருவறை. சுற்றிலும் சிறு சந்நிதிகள். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள். ஒன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. இன்னொன்று பழியிலி ஈசுவரம். மாவட்டத்தில் ஓர் இடம் மட்டுமே பார்க்க நேரம் உள்ளவர் இந்த மலைக்கு வருவது நல்லது. மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்க்க அறுபது, எழுபது கி.மீ. மிதிக்க வேண்டியிருக்கும், அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். மேற்கே இன்னும் நீட்டினால் கொடும்பாளூர் மூவர் கோயிலும், மயில்கள் உலவும் விராலிமலையும் வரும். மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இரண்டே இன்று நிற்கின்றன. புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் திருமயம், பாறையைச் சுற்றி 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அது.

சுற்றுலா வரைபடத்தில் இல்லாத வேறொரு பெருமையும் இந்தச் சாலைகளுக்கு உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுத்தரும் திட்டத்தை முன்னின்று நடத்தினார். பெண் சைக்கிள் ஓட்டினால் ஊர் சிரித்த காலம். இரவு வகுப்புக்கு ஊர் ஊராகப் போக வேண்டிய தொண்டர்களுக்குப் பேருந்து கிடையாது. யாராவது ஆண் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. ஊர்ப் பொட்டலிலும் பள்ளி மைதானத்திலும் பயிற்சி முகாம்கள் நடந்தன. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். இந்த மாற்றத்தை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதாகப் பதிவு செய்திருக்கிறார்.

அவர்களில் விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகளோடு குடுமியான்மலைக் கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள். குடத்தில் தண்ணீர், சந்தைக்குக் காய்கறி, பின்னால் கேரியரில் இன்னொரு பிள்ளை. பேருந்துக்குக் காத்து நிற்கும் பொழுது மிச்சமானது. விற்று முடிக்கும்வரை அடுத்த ஊரில் நிற்க முடிந்தது. தமிழக அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, பின்னர் எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிவாக்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, இந்த ஒற்றைத் தார்ச்சாலைகளும் மண் பாதைகளும் பெண்களின் சைக்கிள் தடமாகிவிட்டன.

இந்தக் காரணத்தால் புதுக்கோட்டையில் சைக்கிள் பாதை என்று புதிதாக எதையும் தோண்டிக் கட்ட வேண்டியதில்லை. தேவைப்படுபவை சின்ன வேலைகள்: எந்தக் கிராமச் சாலை எந்தக் குன்றுக்குப் போகிறது என்று திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பலகை, கோயிலருகே சைக்கிள் நிறுத்த நிழல், ரயில் நிலையத்தருகே வாடகைச் சைக்கிள். ரயிலில் வந்து இறங்கக் கீரனூர், நார்த்தாமலை, புதுக்கோட்டை, திருமயம் எனப் பாறைகளுக்குப் பக்கத்திலேயே நிலையங்கள் இருக்கின்றன.

இடைஞ்சல் ஒன்று பெரியது. குன்றுகளுக்கு வரலாறு இருப்பது போலச் சந்தை விலையும் இருக்கிறது. கல்குவாரிக்கும் கிரஷருக்கும் போகும் டிப்பர் லாரிகள் ஒற்றைச் சாலையில் எதிரே வந்தால் சைக்கிள்காரர் மண்ணில்தான் இறங்க வேண்டும். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும் இதே நிலைமைதான். சைக்கிள் தடம் என்று பலகை வைக்கும் சாலைகளில் குவாரி லாரிகளைத் தடுக்காவிட்டால் அந்தப் பலகைக்குப் பொருளில்லை. பாறையை உடைத்தே தீர்த்துவிட்டால் பார்ப்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது.

மற்றவை சமாளிக்கக்கூடியவை. சாலையோரச் சீமைக்கருவேல முள் டயரை விடாது. பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் கையில் வேண்டும், கிராமத்துப் பஞ்சர் கடையை மட்டும் நம்பக் கூடாது. பங்குனி முதல் ஆவணி வரை பாறை சுடும். காலை ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை, மாசி மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. கண்மாய்கள் நிறைந்து, நாரைகள் இறங்கி, வயலில் நெல் நிற்கும் காலம் அது. குடிநீரைப் புறப்படும் ஊரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. குன்றின் மேல் சுனை நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குடிப்பதற்கானதல்ல.