3 நாள் லீவுல கொடைக்கானல் போறீங்களா? ஏரியைத் தாண்டியும் ஊர் இருக்கு... குடும்பத்தோட போக முழு பிளான் இதோ!

சனிக்கிழமை காலை மதுரையில் இருந்து ஒரு கார் கிளம்புகிறது. உள்ளே அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு பாட்டி. 120 கி.மீ. தானே, பதினொரு மணிக்குள் போயிடலாம் என்பது கணக்கு. வெள்ளி அருவி பக்கம் வந்ததும் வண்டி நிற்கிறது. கொஞ்சம் நகர்கிறது, திரும்பவும் நிற்கிறது. பெரியவன் வாந்தி எடுத்தாச்சு, சின்னவளுக்குப் பசி, பாட்டிக்குக் கால் மரத்துப்போச்சு. ரூமுக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. மறுநாள் மத்தியானமே கீழே இறங்கணும்.

சீசன் நேரத்தில் கொடைக்கானல் போய்வந்த பலருக்கும் இது பழக்கமான காட்சிதான். அங்கே லீவு நாள் பெரும்பாலும் ரோட்டிலேயே கரைந்துபோகிறது. அதனால் எத்தனை இடம் பார்க்கலாம் என்று பட்டியல் போடும் முன்னாடி, எந்த வழியாக ஏறுவது, எங்கே தங்குவது, எதை விட்டுவிடுவது என்ற மூன்றையும் முடிவு செய்தாலே பாதி பிளான் முடிந்தது.

இ-பாஸ் எதுக்கு?

கொடைக்கானல், ஊட்டி இரண்டு ஊருக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை வந்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆய்வு செய்யும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் கொடுக்கப்பட்டது.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. அதாவது சீசனில் கடைசி நேரத்தில் கிளம்பினால் பாஸ் கிடைக்காமல் போகலாம். ரூம் புக் பண்ணும் அன்றே அரசின் இ-பாஸ் இணையதளத்தில் பதிவு செய்துவிடுவது நல்லது. அப்போது அமலில் இருக்கும் விதிகளும் அதே இடத்தில் தெரிந்துவிடும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

இன்னும் இரண்டு விஷயம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் அனுமதி இல்லை. வீட்டில் இருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டுப் போங்க. சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து பெரிய பஸ் பிடிக்கும் யோசனை இருந்தால், 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பர் 18 முதல் தடை இருக்கிறது. வேனோ சின்ன பஸ்ஸோதான் சரி.

எந்த வழியா ஏறலாம்?

கொடைக்கானலுக்கு முக்கியமாக இரண்டு மலைப்பாதைகள். ஒன்று, மதுரை, திண்டுக்கல் பக்கம் இருந்து வருகிறவர்கள் ஏறும் வத்தலக்குண்டு பாதை. இன்னொன்று, கோவை, திருப்பூர் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு வசதியான பழனி பாதை. பழனியில் இருந்து மேலே 64 கி.மீ. இரண்டு பாதையும் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பெருமாள்மலையில் ஒன்று சேர்ந்துவிடும். நெரிசல் கெட்டியாவது அதற்கு அப்புறம்தான்.

ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது இன்னொரு பாதை என்று வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் மலையின் இரண்டு முகத்தையும் பார்த்துவிடலாம். வத்தலக்குண்டு பாதையில் டம்டம் பாறை பார்வை முனையில் நிறுத்தினால், எதிரே எலிவால் அருவி எனப்படும் தலையாறு அருவி தெரியும். சுமார் 975 அடி உயரம். தமிழ்நாட்டின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. பிள்ளைகளை வண்டியில் இருந்து இறக்கி, கால் நீட்டவிட்டு, காற்று வாங்கவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ரயிலில் வருகிறவர்கள் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். பெயரில்தான் கொடை இருக்கு, ஊர் அங்கிருந்து இன்னும் 80 கி.மீ. மேலே. மலை ஏற இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் கிலோமீட்டரைப் பார்த்து நேரம் கணிக்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

விடியற்காலையில் கிளம்பி, பத்து மணிக்குள் வெள்ளி அருவியைத் தாண்டிவிடுங்கள். முடிந்தால் வெள்ளி, சனிக்குப் பதிலாக ஞாயிறு மேலே ஏறி செவ்வாய் இறங்குங்கள். ஊர் காலியாகும் நேரத்தில் நீங்கள் உள்ளே போவீர்கள்.

எங்கே தங்கலாம்?

தினமும் ரூம் மாற்றாதீங்க. இரண்டு ராத்திரிக்கும் ஒரே இடம் போதும்.

பாட்டி, தாத்தா, கைக்குழந்தை கூட இருந்தால் ஏரிக்குப் பக்கத்தில் நகரத்துக்குள் தங்குவதுதான் பாதுகாப்பு. அரசு மருத்துவமனை, மெடிக்கல் ஷாப், ஹோட்டல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எல்லோரும் நடக்கக்கூடியவர்கள், அமைதிதான் வேண்டும் என்றால் பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில் தங்கலாம். காபித் தோட்டமும் மிளகுக் கொடியும் பார்க்கணும்னா கீழ்மலைப் பக்கம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. அங்கே குளிரும் குறைவு, கூட்டமும் குறைவு.

புக் பண்ணும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். உரிமம் இருக்கா? வண்டி வாசல் வரை வருமா? ரூமுக்கு எத்தனை படி ஏறணும்? மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்தால், பாட்டி மூன்று நாளும் ரூமிலேயே உட்கார வேண்டி வரும்.

முதல் நாள்: வண்டிக்கு ஓய்வு

மேலே போனதும் சுற்றக் கிளம்ப வேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுங்கள். சாயங்காலம் ஏரி.

மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில் 1863-ல் உருவாக்கப்பட்ட ஏரி இது. சுற்றிவர சுமார் 5 கி.மீ. பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள், பெரியவர்களுக்குப் படகு. நடக்க முடிந்தவர்கள் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரையன்ட் பூங்காவையும் பார்க்கலாம். 1908-ல் திட்டமிடப்பட்ட பூங்கா. மே மாத மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான்.

கோக்கர்ஸ் வாக்கை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1872-ல் போடப்பட்ட இந்த நடைபாதை சுமார் ஒரு கி.மீ. நீளம்தான். காலையில் பனிமூட்டம் ஏறும் முன்னாடி போனால் கீழே சமவெளி தெரியும். மத்தியானம் போனால் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான்.

இரண்டாம் நாள்: ஊருக்கு வெளியே

இந்தப் பயணத்தின் முக்கியமான நாள் இதுதான். மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை என வரிசையாக வரும் சுற்று வழியில்தான் சுற்றுலா வண்டிகள் எல்லாம் போகும். 1991-ல் வந்த 'குணா' படம் பெயர் கொடுத்தது, 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' கூட்டத்தைக் கூட்டியது. அந்தப் பக்கம் போயே ஆகணும் என்றால் காலை முதல் ஆளாகப் போய்விட்டு வந்துவிடுங்கள். குணா குகையைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும்.

மற்றபடி வண்டியை மேல்மலைப் பக்கம் திருப்புங்கள்.

நகரத்தில் இருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் பூம்பாறை. ஊருக்கு முன்னால் ரோட்டு வளைவில் நின்று பார்த்தால், கீழே வீடுகளும் படிப்படியாக வெட்டிய வயல்களும் ஒரே பார்வையில் தெரியும். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு விளையும் பூமி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குள் இருக்கும் குழந்தை வேலப்பர் கோயில் மூலவர், போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது நம்பிக்கை. பழனி மூலவர் பற்றியும் இதையேதான் சொல்வார்கள்.

அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் மன்னவனூர். கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கி.மீ. மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இங்கே இருக்கிறது. ஆடும் முயலும் பார்க்கலாம் என்றால் பிள்ளைகள் வேறெதையும் கேட்க மாட்டார்கள். வனத்துறையின் சூழல் சுற்றுலா ஏரியும் புல்வெளியும் பக்கத்திலேயே. பாட்டிக்கு ஒரு போர்வையும் பிளாஸ்க்கில் டீயும் இருந்தால் போதும், மத்தியானம் தானாகப் போய்விடும்.

காடுதான் பார்க்கணும் என்கிறவர்களுக்கு மாற்று, பேரிஜம் ஏரி. வனத்துறை அனுமதி கட்டாயம், நாளுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்குத்தான் அனுமதி. யானை நடமாட்டம் இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள். பேரிஜம், மன்னவனூர் இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். ஒன்றை எடுத்து, மற்றதை அடுத்த தடவைக்கு விட்டுவையுங்கள்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே ரூமுக்குத் திரும்பிவிடணும். இருட்டினால் மூடுபனியும் வரும், காட்டுமாடும் வரும். பார்க்க மாடு மாதிரி சாதுவாக நிற்கும். ஆனால் செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போனால் முட்டித் தள்ளிவிடும். வண்டிக்குள்ளேயே இருந்து வழிவிடுங்கள்.

மூன்றாம் நாள்: பழனி வழியா இறக்கம்

காலையில் பிள்ளைகளை சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம். 1899-ல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே 1936-ல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயில். வானம் தெளிவாக இருந்தால் கோயில் பக்கத்தில் இருந்து பழனி மலை தெரியும். குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒரு தடவை. கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல் எதிர்பார்க்கலாம்.

பிறகு பெருமாள்மலையில் பழனி ரோட்டில் திரும்பி இறங்குங்கள். காலையில் மேலே இருந்து பார்த்த பழனி மலையடிவாரத்துக்கே மத்தியானம் வந்து சேர்வீர்கள். பாட்டிக்கு ரோப் கார் அல்லது விஞ்ச் இருக்கிறது. காற்று பலமாக இருந்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்காகவும் மூடுவார்கள். அதனால் விஞ்சையும் மனசில் வைத்திருங்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2023 அக்டோபர் முதல் தடை. கீழேயே கொடுத்துவிட்டுப் போகணும்.

எப்போ போகலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், மண்சரிவும் நடக்கும். வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி அழகு, ஆனால் ஆஸ்துமா இருக்கிறவர்களுக்குக் கஷ்டம். பிப்ரவரி, மார்ச் குடும்பத்துக்கு நிம்மதியான மாதங்கள்.

பாட்டிக்கும் குட்டிகளுக்கும்

ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி வருகிற பிள்ளையை வெளியே தூரமாகப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டி ஏறினதும் செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். பிரஷர், சுகர், ஆஸ்துமா மாத்திரைகளும் இன்ஹேலரும் டிக்கியில் இருக்கும் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்கணும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். இதய நோய் இருக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

வண்டி ஓட்டுகிறவருக்கு: ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

என்ன வாங்கலாம்?

மலைப்பூண்டும் கேரட்டும் பூம்பாறையிலேயே விவசாயிகளிடம் வாங்குங்கள். சீசன் இருந்தால் பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட். பழனியில் பஞ்சாமிர்தம். அதுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விருப்பாச்சி மலை வாழை கிடைத்தால் ஒரு சீப்பு. மலையில் விளைவதை விளைவிக்கிறவரிடமே வாங்கினால், நீங்கள் வந்துபோனதில் அந்த ஊருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

பழனி மலைத்தொடர் வெறும் சுற்றுலாத் தலம் மட்டும் இல்லை. பெரியகுளம் குடிக்கும் தண்ணீர் பேரிஜத்தில் இருந்து இறங்குகிறது. வண்டிகளுக்கு வரம்பும் பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடும் வைத்திருப்பதன் காரணம் அதற்குள் இருக்கிறது. கொண்டுபோன குப்பையைக் கீழேயே கொண்டுவந்துவிடுங்கள்.

பத்து இடத்தில் இறங்கி ஏறி, பாட்டி காரிலேயே உட்கார்ந்திருந்த பயணத்தைவிட, நாலே இடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த பயணம்தான் வீட்டில் ரொம்ப நாள் பேசப்படும். இ-பாஸ் எடுத்தாச்சா?