வெள்ளம் வரும் முன்: தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் இன்ஜினைப் பராமரிப்பது எப்படி?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், திருவொற்றியூர், மணலி பகுதிகளில் பல தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. மின்சாரமும் இல்லை. மின் மோட்டார் வைத்திருந்த வீடுகளிலும் அது பயன்படவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெட்ரோலில் ஓடும் பம்ப் இருந்தது. ஆனால் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் அது ஸ்டார்ட் ஆகவில்லை. முந்தைய மழைக்காலத்தில் ஊற்றிய பெட்ரோல் டேங்கிலேயே கிடந்து கெட்டு, கார்புரேட்டரை அடைத்திருந்தது. அவசரத்துக்கென்று வாங்கிய பொருள் அவசர நேரத்தில் கைவிட்டது. இந்த நிலை உங்கள் வீட்டுக்கு வராமலிருக்கச் சில விவரங்களைப் பார்ப்போம்.

எந்த பம்ப் தேவை?

வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் 2 இன்ச் பம்ப் போதும். நிமிடத்துக்குச் சுமார் 600 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது அதிகபட்ச அளவு. ஹோஸ் நீளமாகவும் தண்ணீரை ஏற்றும் உயரம் அதிகமாகவும் இருந்தால் அளவு குறையும். 600 சதுர அடி வீட்டில் ஒரு அடித் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 17,000 லிட்டர். நிமிடத்துக்கு 500 லிட்டர் வீதம் இறைத்தால் 35 நிமிடங்களில் வடிந்துவிடும். ஆனால் தெருவில் வீட்டைவிட அதிகத் தண்ணீர் நிற்கும்போது இறைப்பது வீண். வாசலில் மணல் மூட்டை அடுக்கி, தண்ணீர் திரும்பி வராமல் தடுத்த பிறகே பம்பை ஓட்டுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் குறைந்தால் தானே நிற்கும் வசதி, உறிஞ்சும் ஹோஸின் முனையில் மாட்டும் வடிகட்டி, உங்கள் பகுதியிலேயே உதிரிபாகம் கிடைக்கும் பிராண்ட்.

ஸ்டார்ட் செய்யும் முறை

பம்பைச் சமதளத்தில் வைத்து, இன்ஜின் ஆயிலின் அளவைப் பாருங்கள். அடுத்து, பம்பின் மேல் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். இந்த ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே சீல் எரிந்துபோகும். பிறகு பெட்ரோல் வால்வைத் திறந்து, சோக்கை இழுத்து, கயிற்றை இழுங்கள். இன்ஜின் சூடானதும் சோக்கைத் திறந்துவிடுங்கள். வடிகட்டி சேற்றில் புதையாமல் இருக்க அதை ஒரு பழைய கூடைக்குள் வைத்து இறக்கலாம்.

உயிருக்கு ஆபத்தான தவறுகள்

பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழைக்குப் பயந்து பம்பை வராண்டாவிலோ, மாடிப்படியின் கீழோ, கார் நிறுத்தும் இடத்திலோ வைத்து ஓட்டினால், உள்ளே தூங்கும் குழந்தைகளும் முதியவர்களும் அறியாமலேயே மயங்கி உயிரிழக்கக்கூடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பம்ப் திறந்த வெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து விலகியே இருக்கட்டும். தலைவலி, குமட்டல், மயக்கம் தெரிந்தால் உடனே அனைவரும் வெளியே வந்து மருத்துவ உதவி பெறுங்கள்.

தண்ணீருக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் நீங்கள் தொடாமல், மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக்கூடாது. 2023 வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய் கலந்து பரவியதை நாம் பார்த்தோம். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ இந்த பம்பை இயக்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும்.

வேலை முடிந்த பின்

நம் பகுதியில் வெள்ளத் தண்ணீருடன் கடல் உப்பும் கழிவும் சேர்ந்தே வரும். உப்புத் தண்ணீர் பம்பின் அலுமினிய உடலை அரித்துவிடும். எனவே இறைத்து முடித்ததும் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் வைத்து, அதை இறைக்கவிட்டு உள்ளே கழுவுங்கள். பிறகு கீழேயுள்ள பிளக்கைக் கழற்றித் தண்ணீரை முழுவதுமாக வடித்துவிடுங்கள்.

அடுத்து பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் படியும். ஆகவே டேங்கைக் காலி செய்து, வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஓடும்போது பம்பில் தண்ணீர் இருக்க வேண்டும்.

பராமரிப்பு அட்டவணை

- இன்ஜின் ஆயில்: புதிய பம்பில் முதல் 20 மணி நேரத்துக்குப் பின் மாற்றவும். அதன்பின் 100 மணி நேரத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை.
- ஏர் ஃபில்டர்: 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யவும். ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடவும்.
- ஸ்பார்க் பிளக்: கரி படிந்திருந்தால் துடைக்கவும். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்கும். தேய்ந்திருந்தால் மாற்றவும்.
- ஹோஸ்: வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப் பார்க்கவும். உறிஞ்சும் பக்கம் சிறு துளை இருந்தாலும் காற்று நுழைந்து தண்ணீர் ஏறாது.

இவை பெரும்பாலான பம்புகளுக்குப் பொருந்தும். உங்கள் பம்பின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே சர்வீஸ் முடித்து, அதன்பின் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

தெருவுக்கு ஒன்று

ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தோ, மஹல்லா ஜமாஅத் சார்பிலோ ஒன்று வாங்கி வைக்கலாம். ஆனால் எல்லோருக்கும் பொதுவான பொருளை யாரும் கவனிக்காமல் விடுவது வழக்கம். ஆகவே பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, ஆயில் மாற்றிய தேதியையும் ஓட்டிப் பார்த்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் முக்கியம்: இறைக்கும் தண்ணீரை அண்டை வீட்டு வாசலுக்குத் தள்ளாமல் வடிகாலுக்கே விடுங்கள். நம் வீடு காய்வதற்காகப் பக்கத்து வீட்டாரின் அரிசியும் பிள்ளைகளின் புத்தகமும் நனையக்கூடாது.