துண்டு எடுக்கக் கூடாத கட்டி

கட்டி என்று காதில் விழுந்ததும் நம் ஊரில் அடுத்த கேள்வி, “துண்டு எடுத்துப் பார்த்தாச்சா?” என்பதுதான். பெரும்பாலான கட்டிகளுக்கு அது சரியான கேள்வி. உணவுக்குழாயில் வரும் லியோமயோமா அதற்கு ஒரு விதிவிலக்கு.

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். அதன் மேல்பகுதியில் இருப்பது வரித்தசை. கீழே போகப்போக மென்தசை. லியோமயோமா மென்தசைக் கட்டி என்பதால் நடுவிலும் கீழ்ப்பகுதியிலும்தான் பெரும்பாலும் தென்படும். உணவுக்குழாய்க் கட்டிகளில் புற்று அல்லாதவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அந்தச் சொற்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதுவே.

இந்த விகிதத்தை மறந்துவிடக் கூடாது. காரைக்கால் தலத்தெருவில் ஒருவருக்குச் சில வாரங்களாகச் சோறு நெஞ்சில் நின்று நின்று இறங்குகிறது என்றால், ‘வாயு’ என்று சோடா குடித்து நாளைக் கடத்தாமல் காரைக்கால் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து பாண்டி ஜிப்மருக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏற வேண்டி வந்தாலும் சரி, புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். லியோமயோமா உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் எந்தத் தொந்தரவும் தெரியாது. வேறெதற்கோ செய்த எண்டோஸ்கோபியில் அகப்படும்.

எண்டோஸ்கோபியில் உள்சவ்வு புண்ணின்றி, வழவழப்பாகப் புடைத்திருக்கும். கட்டி இருப்பது சவ்வுக்கு அடியில். இடுக்கியால் கிள்ளினால் பெரும்பாலும் சவ்வுதான் வரும், கட்டி வராது. கிள்ளிய இடம் ஆறும்போது சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுவை செய்யும்போது கிழியும். அதனால்தான் எண்டோஸ்கோபி வழியாகவே மீயொலி ஸ்கேன் செய்கிறார்கள். அது குழாய்ச் சுவரை அடுக்கடுக்காகக் காட்டும். நான்காம் அடுக்கான தசையில் கட்டி கருமையாக, தெளிந்த விளிம்போடு தெரியும். ‘ஜிஸ்ட்’ என்ற வேறுவகைக் கட்டியோ என்ற சந்தேகம் தீராவிட்டால் மட்டும் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

சிறியதாக, தொல்லை தராமல் இருந்தால் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, விழுங்குவது சிரமமானாலோ எடுப்பார்கள். தசையை நீளவாக்கில் பிரித்து, சவ்வு கிழியாமல், ஓட்டிலிருந்து நுங்கைத் தோண்டுவதைப் போலக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுத் தசையைத் தைத்துவிடுவார்கள். உணவுக்குழாய் முழுசாக இருக்கும்.

முன்பு இதற்கு விலாவைப் பிளக்க வேண்டியிருந்தது. இப்போது சிறு துளைகள் போதும். இந்த வகை அறுவையில் கோவை ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலுவுக்குத் தனி இடம் உண்டு. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தால் நுரையீரல் தன் எடையிலேயே முன்பக்கம் சரிந்து உணவுக்குழாய்க்கு வழிவிடும். புற்றுநோயாளிகள் 130 பேருக்கு இப்படிச் செய்த அனுபவத்தை அவரது குழு 2006-இல் வெளியிட்டது. 2008-இல் புற்று அல்லாத கட்டிகள் பற்றியும் எழுதியது.

ஜப்பானின் ஹருஹிரோ இனோவே வேறொரு நோய்க்காக 2010-இல் வெளியிட்ட சுரங்க முறை இப்போது லியோமயோமாவுக்கும் உதவுகிறது. கட்டிக்குச் சற்று மேலே சவ்வைத் திறந்து, அடியில் சுரங்கமாகப் போய்க் கட்டியை எடுத்து, திறந்த வாயைக் கிளிப் போட்டு மூடுகிறார்கள். மார்பில் ஒரு துளைகூட இல்லை. ஆனால் எடுத்த கட்டி தொண்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதால், பெரிய கட்டிகளுக்கு இது ஒத்துவராது.