முற்றத்தில் ஒரு விருந்து

எம் பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர் சென்ற தைத் திங்களில் தங்கள் திருமணப் பொன்விழாவைக் கண்டனர். பெரியவர் பஞ்சாலையில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மையார் மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர். மூத்த மகன் பாரிசிலும், இளையவர் சென்னையிலும், மகள் பெங்களூரிலும் வாழ்கின்றனர். விழாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே மூத்தவரிடமிருந்து எனக்கு ஒரு மடல் வந்தது. காலைத் திருப்பலி நம் கோவிலில்; நண்பகல் விருந்து புதுச்சேரியில், பழைய முற்றத்து வீடு ஒன்றை மாற்றியமைத்த சிறிய ஓட்டலில்; அன்றிரவு பெற்றோர் அங்கேயே தங்க வேண்டும். “அம்மா வாழ்நாளெல்லாம் பிறருக்குப் பரிமாறியவர். ஒரு நாளாவது பிறர் பரிமாற அவர் அமர்ந்து உண்ண வேண்டும்” என்று எழுதியிருந்தார். படங்களில் இடம் அழகாக இருக்கிறது. ஆனால் படங்களை நம்ப மனம் துணியவில்லை. தாங்கள் புதுவைக்குச் செல்லுங்கால் ஓரிரவு தங்கிப் பார்த்துச் சொல்ல இயலுமா, செலவு எங்களுடையது என்பது மடலின் முடிவு.

மறைமாவட்டக் குருவாகிய நான் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவனல்லன். ஆயினும் ஓரிரவுக்கு எட்டாயிரம் ரூபாய் வாடகை என்றறிந்தபோது நெஞ்சு சற்றே இடித்தது. எனினும் கார்த்திகை மாதத்தில் குருக்கள் கூட்டம் ஒன்று புதுவையில் இருந்தமையால் இசைந்தேன்.

இத்தகைய சிறு ஓட்டல்களை இக்காலத்தில் ‘பூட்டீக்’ ஓட்டல் என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறுகடை என்று பொருள். பத்துப் பன்னிரண்டு அறைகளுக்கு மேல் இரா. ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். புதுச்சேரியில் இவை பெருகியதற்குக் காரணம் அந்நகரத்து வீடுகளே. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை நோக்கிய பகுதியில், உயர்ந்த மதிலும் பெரிய கதவும் கொண்ட பிரெஞ்சு வீடுகள்; மதிலுக்குள்ளே தோட்டம், வளைவுத் தூண்கள். மேற்கே தமிழர் வீடுகள்; தெருவோரம் தாழ்வாரம், திண்ணை, அதன்பின் நடை, அதன்பின் வானம் தெரியும் முற்றம். இரண்டும் கலந்த வீடுகளும் உள. 1738-இல் கட்டப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ்ப் பாங்காகவும், மேல்தளம் காரைத்தூண்களோடு பிரெஞ்சுப் பாங்காகவும் நிற்பதை இன்றும் காணலாம்.

இவ்வீடுகளைக் காப்பது எளிதன்று. 1870-களின் தொடக்கத்திலிருந்து கடற்கரையில் நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை அறியாதார் இலர். பின்னர் அதே வடிவில் மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். அரசுக் கட்டடத்துக்கே அந்நிலை என்றால், பங்காளிகள் நால்வருக்குப் பொதுவான வீட்டுக்கு யார் காரை பூசுவார்? ஓட்டலாக மாறியதனாலேயே பல வீடுகள் இடிபடாமல் நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டை விற்றுவிட்டார்களே என்று ஏங்குவோர், அதன் கூரையை மாற்ற ஆகும் செலவைக் கேட்டால் ஏங்குவதை நிறுத்துவர்.

நான் சென்ற மாலை மழை பெய்துகொண்டிருந்தது. அது நன்மையாயிற்று. முற்றத்து வீட்டை மழையில் பார்த்தால்தான் அதன் உண்மை விளங்கும். சில ஓட்டல்களில் முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிடுகிறார்கள். அப்போது அது முற்றமன்று, வெறும் கூடம். சூடான காற்று மேலெழுந்து வெளியேறவும், குளிர்ந்த காற்று நடைவழியே உட்புகவும் அன்றோ நம் முன்னோர் வீட்டின் நடுவே வானத்தைத் திறந்துவைத்தனர்! இங்கு மூடவில்லை. தாழ்வாரத்து ஓடுகளினின்று நீர் நான்கு பக்கமும் இறங்கி, கருங்கல் தளத்தில் ஓடி, மூலையிலிருந்த தூம்பின்வழி வெளியேறிற்று. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அன்று எப்படி இருந்தது என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் மறைக்காமல் தூணின் அடியைச் சுட்டினார்; தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீர் நின்ற கறை இருந்தது. மறைக்காமல் காட்டியவரிடம் நம்பிக்கை பிறந்தது.

சுவர்களைத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்புக் காரை குளிர்ந்து வழவழப்பாக இருந்தது. பழைய செங்கற் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, உப்புக் காற்றும் சேர்ந்து, இரண்டே ஆண்டில் பூச்சு பொரிந்து உதிரும். நம் சிற்றாலயங்கள் பலவற்றை அப்படித்தான் நாமே கெடுத்து வைத்திருக்கிறோம்; அதைப் பற்றிப் பிறிதொரு நாள் எழுதுவேன்.

அறை தூயது, படுக்கை நன்று. ஆனால் கட்டில் மிக உயரம். முழங்கால் அறுவை செய்துகொண்ட பெரியவர் ஏறி இறங்க இயலாது. குளியலறைக்கு ஒரு படி கீழே இறங்க வேண்டும். அந்தப் படியும் தரையும் ஒரே நிறம். இரவில் விழுவதற்கென்றே அமைத்ததுபோல் இருந்தது. இன்னொன்று: முற்றத்தைச் சுற்றி எல்லா அறைகளின் கதவுகளும் திறக்கின்றன, முற்றமோ கிணறு போன்று ஒலியை ஏந்தித் தருவது. எதிர் அறையிலிருந்த இளந்தம்பதியர் யாருடைய தாயாருக்கு எவ்வளவு பணம் அனுப்பினர் என்ற வழக்கை இரவு பதினொன்றரை வரை கேட்க நேர்ந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலாவது இறுதியில் ஏதேனும் சொல்ல எனக்கு இடமுண்டு.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியில் அமர்ந்து உண்பது புதிய நாகரிகமன்று. மம்ரேயின் மரங்களருகே ஆபிரகாம் மூன்று வழிப்போக்கருக்கு விருந்திட்டது திறந்த வெளியில், மர நிழலில். அதுவும் வெயில் ஏறிய வேளையில். ஆனால் மம்ரேயில் கொசு இருந்ததாக வேதத்தில் குறிப்பில்லை. இங்கே இருட்டியதும் மேசைக்குக் கீழே அது தன் பணியைத் தொடங்கிற்று. அடுக்களை பின்கட்டில் இருப்பதால், சூப்பு இரண்டாம் முற்றத்தைக் கடந்து வருமுன் ஆறிவிட்டது. மற்றபடி உணவு சுவையானதே. உணவுப் பட்டியலில் ‘வடுவான்’ என்று பிரெஞ்சுப் பெயரோடு ஒரு மசாலை இருந்தது. விசாரித்தால் நம் தாளிப்பு வடவந்தான்! சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து எல்லாம் கலந்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, கோடை வெயிலில் உருட்டி உருட்டிக் காயவைப்பார்களே, அது பிரான்சுக்குச் சென்று பெயர் மாறித் திரும்பியிருக்கிறது. மீன் குழம்பில் அதன் மணம் மாறவில்லை.

பணம் வாங்கிக்கொண்டு தரும் உபசரணை உபசரணையாகுமா என்று சிலர் கேட்பர். பெத்லகேமில் திருக்குடும்பத்துக்கு இடமில்லாமற்போன இடத்தைக் குறிக்க லூக்கா வழங்கும் கிரேக்கச் சொல் ‘கத்தலுமா’. இறுதி இராவுணவு நடந்த விருந்தறைக்கும் அவர் அதே சொல்லையே இடுகிறார். ஆனால் நல்ல சமாரியன் காயமுற்றவனைச் சேர்ப்பித்து இரண்டு தெனாரியம் கொடுத்தானே, அந்தச் சத்திரத்துக்கு வேறு சொல்: ‘பந்தொக்கெயோன்’, அதாவது எல்லாரையும் ஏற்குமிடம். கூலிக்கு நடத்தும் சத்திரத்துக்கு நற்செய்தி அளித்த பெயர் அது. ஆகவே அவ்வளவில் எனக்கு ஐயமில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு தாளில் எழுதினேன். விருந்து பகலில் நடக்கட்டும். தை மாதமாதலால் வெயில் தாங்கும், கொசுவும் இராது. மேசைகளை முற்றத்தின் மேற்குத் தாழ்வாரத்தை ஒட்டிப் போட்டால் நிழல் கிட்டும். குழம்பையும் இரசத்தையும் முன்கட்டிலேயே அடுப்பு வைத்துச் சூடாக்கிப் பரிமாறச் சொல்ல வேண்டும். இரவு தங்குவது வேண்டாம். அந்தக் கட்டிலும் குளியலறைப் படியும் பெரியவருக்கு ஆகா. யாவும் செவ்வனே ஆராய்ந்துவிட்டோம் என்ற நிறைவோடு அத்தாளை எடுத்துக்கொண்டு தம்பதியர் வீட்டுக்குச் சென்றேன்.

பெரியவர் தலையசைத்துக் கேட்டார். அம்மையார் தெருவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை.

“ரெண்டு கட்டு வீடுங்களா சாமி? பக்கத்துல சந்து ஒண்ணு போகுமே?”

“ஆமாம் அம்மா.”

“பின்னால கிணறு இருக்குதா?”

இருந்தது, இரும்புக் கம்பி வலையால் மூடி, மேலே பூந்தொட்டிகள் வைத்திருந்தனர்.

அதன்பின்னரே தெரிந்தது. அம்மையாருடைய தாயார் அத்தெருவில் ஒரு வீட்டில் அரைக்கவும் பாத்திரம் துலக்கவும் இருந்தவர். அதே வீடா, அடுத்த வீடா என்பது அம்மையாருக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஏழெட்டு வயதில் தாயோடு சந்துவழியே பின்கட்டுக்குச் செல்வாராம். கோடையில் அந்த வீட்டாருக்கு வடவம் உருட்டிக் காயவைத்து, காக்கை ஓட்டுவது இவருடைய வேலை. முன்முற்றத்தை இடைக்கதவின் இடுக்கில் பார்த்ததுண்டு. அதில் கால் வைத்ததில்லை. பிள்ளைகளிடம் இதுவரை இதைச் சொன்னதும் இல்லை.

நான் என்ன சொல்வதென்று அறியாதிருந்தேன். யார் எந்த முற்றம்வரை வரலாம் என்ற கணக்கு அக்கால வீடுகளில் மட்டுமா இருந்தது? புதுச்சேரிக் கோவிலின் உள்ளேயே மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்காரர்களை மட்டும் குறைகூற நமக்கு வாயில்லை.

“வேறு இடம் பார்க்கச் சொல்லட்டுமா அம்மா?” என்றேன்.

“எதுக்கு சாமி? புள்ளைங்க ஆசையா சொல்லுது. போவோம்.” பிறகு கேட்டார்: “அங்க பரிமாறுற புள்ளைங்க எப்ப சாப்பிடுவாங்க?”

எனக்கு விடை தெரியவில்லை. தூம்பைப் பார்த்தேன், காரையைத் தடவினேன், கட்டிலை அளந்தேன்; இதைக் கேட்கவில்லை. விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த இளைஞன் ஒருவன், மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்குப் பின்கட்டுக் கதவருகே நின்றுகொண்டே தூக்குச்சட்டியிலிருந்து உண்டதை என் கண்ணால் பார்த்துமிருந்தேன். பார்த்துவிட்டு, எனக்கு வண்டி வந்துவிட்டதா என்று அவனையே கேட்டேன்.

புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலைக் குருமடத்தில் பயின்றவன் நான். விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்ற ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். அதே நூலின் முப்பத்தைந்தாம் அதிகாரத்தில், அடுக்களைப் பணி செய்வோருக்கு உணவு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னரே சிறிது அப்பமும் பானமும் கொடுக்க வேண்டும், அவர்கள் முணுமுணுப்பின்றிப் பரிமாறும்பொருட்டு என்று எழுதியிருப்பதை ஒருநாளும் எடுத்தாண்டதில்லை. ஆறாம் நூற்றாண்டில் அந்தத் துறவிக்குத் தோன்றிற்று. எம் பங்கில் இந்த அம்மைக்குத் தோன்றிற்று.

மேலாளருக்குத் தொலைபேசினேன். விருந்தினர் எழுந்த பின்னரே பணியாளர் உண்பது வழக்கம், மூன்றரை நான்கு ஆகிவிடும் என்றார். அன்று மட்டும் பதினொன்றரை மணிக்கு அவர்களுக்கு முதற்பந்தி போட முடியுமா, அவர்களுக்கும் அதே உணவு, பத்துப் பேருக்கான தொகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்று தயங்கினார், பின் இசைந்தார். பிள்ளைகளுக்கு நான் எழுதிய மடலில் இதற்குக் காரணம் எழுதவில்லை. அம்மாவின் விருப்பம் என்று மட்டுமே எழுதினேன்.

விழா நாளன்று முப்பத்திரண்டு பேர் வந்திருந்தனர். நாங்கள் சென்றபோது பணியாளர் உண்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தனர். அம்மையார் பட்டுச் சேலையோடு, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, திண்ணை ஏறி நடைவழியே முன்முற்றத்துக்கு வந்தார். வாழையிலையின் முன் அமர்ந்தார். குழம்பு சூடாகவே இருந்தது. அதை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, “வெந்தயம் கொஞ்சம் தூக்கல்” என்றார்.

விருந்து முடிந்து படம் எடுக்க எல்லாரையும் வரிசையாக நிறுத்தியபோது அம்மையாரைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குச் சென்றேன். கிணற்றின்மேல் இருந்த பூந்தொட்டிகளில் இரண்டை நகர்த்தி வைத்துவிட்டு, கம்பி வலையின் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விழுப்புரத்து இளைஞன் மூன்றாவது தொட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“தண்ணி இருக்குது சாமி” என்றார்.

படம் எடுப்பவர் இருமுறை வந்து அழைத்துப் போனார்.